கொள்ளு எந்த அலமாரியிலுங்க?

மகளுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்கா கிளம்பும் அம்மாவின் பெட்டியைப் பீளமேட்டு விமான நிலையத்தில் திறந்து பார்த்தால் துணிமணி அடியில் ஒரு ஓரமாகக் கிடக்கும். மேலே முழுக்கச் சாப்பாட்டுச் சாமான். பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, வறுத்து அரைத்த குழம்பு மசாலா, சுக்கு, திப்பிலி, பிரசவ லேகியம், பனங்கருப்பட்டி, நாலு செட்டுப் பழைய பருத்திப் புடவையில் சுற்றிய நல்லெண்ணெய் டின். பெட்டிக்கு 23 கிலோ என்பதால் வீட்டுத் தராசில் மூன்று முறை நிறுத்து, கடைசி நேரத்தில் மாமனாரின் ஸ்வெட்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு கிலோ மிளகாய்த்தூளைத் திணித்திருப்பார்கள்.

“அங்க போயி என்ன கெடைக்குமோ என்னமோ, யாரு கண்டா?” இந்த ஒரு பயம்தான் அத்தனைக்கும் காரணம். பயத்தில் பாதி நியாயம், பாதி வீண். எது எந்தப் பாதி என்று தெரியாமல் போவதால்தான் பெட்டி கனக்கிறது. சில சமயம் ஆபத்தும் வருகிறது.

ஆபத்திலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் கோவைக்காரர்களுக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்டது. கோவையிலிருந்து நேரடி விமானம் பறப்பது சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும். அந்த இரண்டு பக்கமும் கசகசாவுக்குத் தடை. சிங்கப்பூரில் அது கொண்டுபோகவே கூடாத பொருள். ஐக்கிய அரபு அமீரகத்தில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. கசகசா ஓபியம் செடியின் விதை என்பதுதான் காரணம். நம்மூரில் குருமாவுக்கும் கறிக்குழம்புக்கும் தேங்காயோடு அரைக்கிற சாதாரணச் சாமான். கடைக்காரர் பொட்டலம் கட்டித் தருகிற ஐம்பது கிராமுக்கு அங்கே சிறை வரை போகலாம். தனிப் பொட்டலமாக இருந்தால் எடுத்து வைத்துவிடலாம். வீட்டில் அரைத்த மசாலாப்பொடிக்குள் கலந்திருப்பதுதான் மறந்துபோகும். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் மசாலா அரைக்கும்போதே கசகசாவை விட்டுவிட்டு அரைப்பது நல்லது. குருமா கெட்டிப்பட முந்திரி போதும்.

அமெரிக்காவில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகக் கூடாது. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களை அழிக்கிற நோயைப் பரப்பும் ஒரு சின்னப் பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் வாழும். ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோப்புகள் அந்த நோயால் பட்ட பாடு பெரியது. அதனால் ஈரத்துணியில் சுற்றிய ஒரு கொத்துக்குக்கூட அனுமதியில்லை. இந்தியாவிலிருந்து போகும் பயணி பெட்டியில் அரிசிக்கும் தடை உண்டு. தானியக் கிடங்குகளைத் தின்று தீர்க்கும் ஒரு வண்டுக்குப் பயந்து போட்ட தடை அது. இறைச்சி சேர்ந்த எதற்கும் இடமில்லை. மற்றதையெல்லாம் படிவத்தில் ‘உணவு இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுக் காட்டினால், கூடாததை எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். சொல்லாமல் மறைத்துப் பிடிபட்டால்தான் அபராதம். ஆஸ்திரேலியாவில் இந்தக் கெடுபிடி இன்னும் அதிகம். ‘ஒண்ணுமில்லீங்க’ என்று தலையாட்டுவதுதான் எல்லா ஊரிலும் பெரிய தப்பு.

சரி, பெட்டி போய்ச் சேர்ந்தது. ஆறு மாதம் வரை தங்க அனுமதி. முதல் சனிக்கிழமை மருமகன் காரில் கூட்டிக்கொண்டு போவார், கடைக்கு.

கொங்கு நாட்டு அம்மா ஒருவருக்கு மளிகைக்கடை என்றால் என்ன என்று யோசித்தால்தான் அந்த முதல் சனிக்கிழமையின் கனம் புரியும். சீட்டு எழுதிக் கொடுத்தால் கடைப்பையன் நிறுத்துக் கட்டித் தருவான். ‘இந்தத் தடவ பருப்பு வேகலீங்க’ என்றால் அண்ணாச்சியோ செட்டியாரோ காதில் வாங்கிக்கொள்வார். உழவர் சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கலாம், தேங்காயை ஆட்டிப் பார்க்கலாம், கடைசியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் மல்லித்தழையும் சும்மா வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். முப்பது வருஷம் வீட்டுக்கான சாமானைத் தேர்ந்தெடுத்த கை அது. புருஷன் சம்பளம் கொண்டுவந்தாலும் துவரம்பருப்பின் தரத்தைத் தீர்மானித்தது அந்தக் கைதான்.

அந்தக் கைக்குத்தான் இங்கே வேலை இல்லாமல் போகிறது. கடைக்குக் காரில்தான் போக முடியும். புறநகர்ப் பகுதிகளில் பல இடத்தில் நடைபாதை கிடையாது, பஸ் கிடையாது. அரிசிம்பருப்பு வைக்கச் சின்ன வெங்காயம் தீர்ந்தால் அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். கடைக்குள் போனால் எதுவும் வாசிக்க வராது. மகள் போனைப் பார்த்துக்கொண்டே வேகமாக எடுத்துப் போட்டுக்கொண்டு போவாள். “ம்மா, அதெல்லாம் தொடாதம்மா. வேணுங்கறத சொல்லு, நான் எடுக்கறேன்.” அவள் அன்பாகத்தான் சொல்கிறாள். ஆனாலும் முப்பது வருஷ அதிகாரம் அந்த ஒரு வரியில் கை மாறிவிடுகிறது. பல அம்மாக்கள் இரண்டாம் வாரத்திலிருந்து ‘நீங்க போயிட்டு வாங்க, நான் குழந்தையைப் பாத்துக்கறேன்’ என்று வீட்டிலேயே தங்கிவிடுவது களைப்பால் மட்டுமல்ல.

இந்தத் தானாக எடுத்துப் போடும் முறை அமெரிக்காவிலும் ஆதிகாலத்து வழக்கமல்ல. 1916ல் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்ற கடையைத் திறக்கும்வரை அங்கேயும் சீட்டுக் கொடுத்து, கடைப்பையன் எடுத்துத் தரும் கதைதான். வாடிக்கையாளரையே உள்ளே விட்டுக் கூடையைக் கையில் கொடுத்தவர் அவர். அன்றைக்கு அமெரிக்கப் பாட்டிகளும் இப்படித்தான் விழித்திருப்பார்கள்.

பெரிய கடையில் ஏமாறுகிற இடங்கள் சில உண்டு. எல்லா வீட்டிலும் ஒருமுறையாவது நடப்பவை. தயிர் என்று எடுத்து வந்த வெள்ளை டப்பா வெனிலா தயிராக இருக்கும். தயிர்சாதம் கேக் வாசம் அடிக்கும். ‘பிளெயின்’ என்ற சொல்லையும் ‘ஹோல் மில்க்’ என்ற சொல்லையும் எழுத்து உருவமாகவே மனப்பாடம் செய்துகொண்டால் தயிர் பிரச்சினை தீர்ந்தது. அந்தத் தயிரில் ஒரு கரண்டி எடுத்துப் பாலில் உறை ஊற்றினால் வீட்டுத் தயிர். சைவக்காரர்கள் லேபிளில் ‘ஜெலட்டின்’ இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்மூர்ப் பச்சைப்புள்ளி அடையாளம் அங்கே கிடையாது. ‘பட்டர்மில்க்’ என்று எழுதியிருப்பது மோர் அல்ல. பேன்கேக் மாவுக்கு ஊற்றுகிற கெட்டியான புளிப்புப் பால். துருவிய தேங்காய் என்று பேக்கிங் பகுதியில் இருப்பதில் பெரும்பாலும் சர்க்கரை சேர்ந்திருக்கும். அதைப் போட்டுச் சட்னி அரைத்தால் பொள்ளாச்சிக்காரர்கள் கண்ணீர் விடுவார்கள். தேங்காய்க்கு ஃப்ரீஸர் பக்கம் போக வேண்டும். சர்க்கரை இல்லாத துருவல் பாக்கெட்டாக உறைந்து கிடக்கும்.

நல்லெண்ணெயில்தான் பலரும் அடி வாங்குவது. ஆசியப் பொருள்கள் அடுக்கில் இருக்கும் கரும்பழுப்பு எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது. வாசத்துக்காக இரண்டு சொட்டு விடுகிற எண்ணெய் அது. அதில் பிரசவ மருந்து கிளறினால் பிள்ளை பெற்றவள் வாயில் வைக்க மாட்டாள். நம்மூர் நல்லெண்ணெய் இந்தியக் கடையில்தான் கிடைக்கும், ‘ஜின்ஜெலி ஆயில்’ என்ற பெயரில்.

விலைச்சீட்டு பவுண்டுக் கணக்கில் இருக்கும். ஒரு பவுண்டு ஏறக்குறைய 454 கிராம். அதாவது அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒட்டியிருக்கும் விலையைவிடப் பில்லில் அதிகம் வந்தால் வரி தனியாகச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். யாரும் ஏமாற்றவில்லை. டாலரை ரூபாயில் பெருக்கிப் பார்க்கிற வழக்கத்தை விடச் சொல்லி எந்தப் பிள்ளையும் ஜெயித்ததில்லை. கோவையில் கொசுறாக வருகிற கறிவேப்பிலைக்கு அங்கே தனி விலை என்றால் எந்தத் தாய்தான் பெருக்கிப் பார்க்காமல் இருப்பாள்?

அடுத்தது இந்தியக் கடை. இங்கே நுழைந்ததும் வாசம் வந்துவிடும், உயிர் வந்துவிடும். ஆனால் பெயர்கள் வராது. அமெரிக்காவில் இந்திய மளிகைக்குப் பாதை போட்டவர்கள் குஜராத்திகள். சிகாகோவின் டெவன் அவென்யூவில் 1974ல் தொடங்கிய ‘படேல் பிரதர்ஸ்’ இன்றைக்கு நாடு முழுக்கக் கிளை பரப்பியிருக்கிறது. அதனால் பொட்டலங்களின் மேல் இந்தியும் குஜராத்தியும்தான் ஆங்கில எழுத்தில் இருக்கும். கோவை அம்மாவுக்கு அமெரிக்காவில் இங்கிலீஷைவிட இந்திதான் குறுக்கே நிற்கிறது என்றால் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

ராகி அங்கே ‘நாச்னி’. கம்பு ‘பாஜ்ரா’, சோளம் ‘ஜோவார்’. ரவை ‘சூஜி’, அவல் ‘போஹா’, ஓமம் ‘அஜ்வைன்’, பெருங்காயம் ‘ஹிங்’, சோம்பு ‘சான்ஃப்’. சுக்கு ‘சோந்த்’ என்றோ ‘சுந்த்’ என்றோ இருக்கும். கோவைக்காய் ‘திண்டோரா’. கொங்குச் சமையலறையின் உயிரான கொள்ளு ‘குல்தி’ என்ற பெயரில், பெரும்பாலும் யாரும் குனிந்து பார்க்காத அடித்தட்டில் தூசி படிந்து கிடக்கும். “கொள்ளு எந்த அலமாரியிலுங்க?” என்று பணியாளரிடம் கேட்டால் அவர் பஞ்சாபியாகவோ நேபாளியாகவோ இருப்பார், விழிப்பார். ஒரு பிடி கொள்ளைக் கைபேசியில் படமாக வைத்திருந்து காட்டினால் வேலை சுலபமாக முடிகிறது. துவரம்பருப்பில் ‘ஆயிலி’ என்று ஒரு வகை இருக்கும். பூச்சி பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியது. நம் வழக்கத்துக்கு எண்ணெய் தடவாததை எடுப்பதே சரி.

இங்கே வெண்டைக்காயின் நுனியை ஒடிக்கக் கூடாது. ஒடிப்பவர்கள் ஒடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கடைக்காரர் பார்த்தால் முகம் சுளிப்பார். விரலால் மெல்ல வளைத்துப் பார்த்தாலே இளசா முற்றலா என்று தெரிந்துவிடும். அந்தக் கலையை அங்கே போய்க் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. மாவு டப்பாவில் கிடைக்கும், புளிப்பாக இருக்கும். பெரும்பாலான வீடுகளில் ஒரு மாதத்துக்குள் அம்மாவின் வற்புறுத்தலில் டேபிள்டாப் கிரைண்டர் வந்துவிடுகிறது. அமெரிக்க மின்சாரத்துக்கு ஏற்ற 110 வோல்ட் கிரைண்டரைக் கோவையிலேயே செய்து அனுப்புகிறார்கள். அட்டைப்பெட்டியில் கோயம்புத்தூர் என்ற எழுத்தைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஒரு பேச்சு வரும்.

இத்தனையும் சுற்றிவிட்டுத்தான் நல்ல கடைக்கு வர வேண்டியிருக்கிறது. இந்தியக் கடையோடு நின்றுவிடுகிற குடும்பங்கள் நிறைய. அவர்கள் இழப்பது சீனக் கடையையும் கொரியக் கடையையும் மெக்சிகோக்காரர் கடையையும்.

மெக்சிகோக்காரர் கடையில் அம்மாவுக்கு எதுவுமே புதிதாக இருக்காது. குவியல் குவியலாக வரமிளகாய், பச்சைமிளகாய், கட்டுக் கட்டாக மல்லித்தழை, ஓட்டோடு புளி, கொய்யா, பப்பாளி, மேரக்காய், நிலக்கடலை. ஏன் அப்படி என்பதற்குக் காரணம் இருக்கிறது. மிளகாய், தக்காளி, நிலக்கடலை, மக்காச்சோளம், கொய்யா, சப்போட்டா, மேரக்காய் எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில் பிறந்து, போர்ச்சுக்கீசியக் கப்பல் காலத்துக்குப் பிறகு நம் பக்கம் வந்தவை. கோபி, தாராபுரம் பக்கத்துக் கடலைக்காடும் மிளகாய்த் தோட்டமும் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கிடையாது. புளி மட்டும் எதிர்த்திசையில் பயணம் போனது. அங்கே செக்கச்செவேலென்று காய்ந்த பூவின் புல்லியிதழ் ஒன்றை மூட்டையில் வைத்திருப்பார்கள், சர்பத்துக்கு. வாயில் போட்டால் புளிச்சகீரையின் புளிப்பு. அந்தச் செடியின் இனம்தான். ஒன்று மட்டும் கவனம். சைவக்காரர்கள் அங்கே பாக்கெட் சப்பாத்தி மாதிரி இருக்கும் டார்டியாவை எடுக்கும்போது ‘லார்ட்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது பன்றிக் கொழுப்பு.

சீனக் கடையில் பூசணி, புடலை, பாகல், முள்ளங்கி, சேப்பங்கிழங்கு எல்லாம் இந்தியக் கடையைவிடப் புதிதாகவும் பல நேரம் மலிவாகவும் இருக்கும். பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கும் பபுள் டீயின் அடியில் கிடக்கும் கருப்பு உருண்டைகள் மரவள்ளி மாவில் செய்தவை. சேலத்து ஜவ்வரிசியும் அதே மரவள்ளிதான். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர் ஜவ்வரிசியை வைத்து வீட்டில் பாயசம் மட்டுமே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தாய்லாந்துச் சரக்கு விற்கும் இடத்தில் சிவப்பாகச் சின்ன வெங்காயம் கிடைக்கும். தேடித் தேடி அலுத்த அம்மாக்களுக்கு அன்றைக்குத் தீபாவளி. பச்சை மஞ்சளும் இருக்கும். 1995ல் மஞ்சளின் காயம் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குக் காப்புரிமை கொடுத்து, இந்தியா போராடி 1997ல் அதை ரத்து செய்ய வைத்த கதை ஈரோட்டுப் பக்கம் பலருக்கும் நினைவிருக்கும்.

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வேண்டிய பலதும் இங்கேதான் இருக்கிறது. உரித்த பூண்டு பெரிய பெரிய டப்பாவில் கிடைக்கும். இஞ்சி மலையாகக் குவிந்திருக்கும். கருந்தோல் கோழி ஒன்று முழுசாக இருக்கும். பார்த்ததும் பயந்துவிடக் கூடாது. சீனர்கள் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அந்தக் கோழியில்தான் சூப் வைக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு மாதப் பத்தியம் உண்டு. குளிர்ந்தது கூடாது, காற்று படக்கூடாது, இஞ்சியும் எள்ளெண்ணெயும் சேர்ந்த கோழிச்சாறு வேண்டும். கொரியர்களுக்குக் கடற்பாசிச் சூப். நம்மூர்ப் பூண்டுக்குழம்பும் நாட்டுக்கோழி ரசமும் என்ன சொல்கின்றனவோ அதையேதான் அவர்களின் பாட்டிகளும் சொல்கிறார்கள். ஆட்டுக்காலுக்கு ஹலால் கடை போக வேண்டும். அங்கே ‘கோட்’ என்று கேட்க வேண்டும். ‘மட்டன்’, ‘லேம்ப்’ இரண்டும் செம்மறி.

இஞ்சிக் குவியலின் இந்தப் பக்கம் ஒரு கொங்கு அம்மா, அந்தப் பக்கம் ஒரு சீனத்து அம்மா. இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. இரண்டு பேரும் நார் இல்லாத இளசு இஞ்சியைத்தான் ஒடித்து ஒடித்துத் தேடுகிறார்கள். சீனக் கடையில் இஞ்சியை ஒடித்து எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மகளும் மருமகனும் அவசரப்படாமல் ஓரமாக நிற்கிற ஒரே கடை இதுதான். ஏனென்றால் இங்கே அவர்களுக்கும் எதுவும் தெரியாது. ‘ம்மா, இது நல்லாருக்குமா பாரு’ என்று மறுபடி கேட்கத் தொடங்குகிறார்கள். ஆறு மாதத்தில் அந்த அம்மாவுக்கு மரியாதை திரும்பி வருகிற இடமும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, பலகாரம் சுடுகிற கைகளுக்கு. அடுத்த வீட்டுக் குழந்தை ஆசையாகப் பார்க்கிறதே என்று கடலை உருண்டையோ எள்ளு உருண்டையோ எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. அங்கே நிலக்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகள் நிறைய. சிலருக்கு மூச்சே அடைத்துவிடும். பல பள்ளிகளில் கடலை கொண்டுபோகவே தடை. 2023 ஜனவரியிலிருந்து எள்ளும் லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் ஒன்பதாவதாகச் சேர்ந்துவிட்டது. பேரனின் டிபன் டப்பாவில் எள்ளுப்பொடி தடவிய இட்லி வைப்பதற்கு முன்னால் பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கொடுப்பது நம் வழக்கம்தான். அந்த ஊரில் குழந்தையின் அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊர் திரும்பும் வாரத்தில் பல அம்மாக்கள் செய்கிற காரியம் ஒன்று உண்டு. ஃப்ரீஸரில் தேங்காய்த் துருவல், உரித்த சின்ன வெங்காயம், அரைத்த இஞ்சி பூண்டு எல்லாவற்றையும் அடுக்கி முடித்த பிறகு, ஒரு தாளை எடுத்துத் தமிழில் எழுதுவார்கள்: ‘நாச்னி – ராகி. குல்தி – கொள்ளு, கீழ்த்தட்டு. சின்ன வெங்காயம் – சீனாக்காரன் கடை, பின்பக்கம். நல்லெண்ணெய் கருப்பா இருந்தா வாங்காத கண்ணு.’ அதைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவிடுவார்கள். அடுத்த சனிக்கிழமை கடைக்குக் கிளம்பும் மருமகன் அதன் முன்னால் நின்று, ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு, கைபேசியில் படம் எடுத்துக்கொள்வார்.